ஒங்கோயே மலையின் நான்கு தண்டுகள்

டர்பன் நகரிலிருந்து கடற்கரையை ஒட்டியே வடக்கே போனால் ஜூலுலாந்து வரும். அங்கே கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கருங்கல் முதுகாக எழும் குன்றுத் தொடரைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது ஒங்கோயே காடு. பரப்பு ஏறத்தாழ 4,000 ஹெக்டேர். 1895-ஆம் ஆண்டில் அந்தக் காட்டின் ஓரத்தில், தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவில், ஜான் மெட்லி வுட் ஒரு செடித்தூறைக் கண்டார். தென்னாப்பிரிக்காவில் தெற்குச் சரிவு என்றால் வெயில் குறைந்த, ஈரம் தங்கும் சரிவு. தூறில் நான்கு தண்டுகள் இருந்தன. அடியில் சில கன்றுகள். உச்சியில் குடைபோல் வளைந்து தொங்கும் கரும்பச்சை ஓலைகள். பார்ப்பதற்குப் பனையின் சாயல் உண்டு, ஆனால் பனைக்கும் அதற்கும் உறவு கிடையாது.

அது சைகேடு வகைத் தாவரம். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்குச் சைகஸ் என்ற பெயர் நினைவிருக்கும்: பூக்காமல், கனியாமல், கூம்பு விட்டு விதை தரும் குலம். 28 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைப் படிவங்களிலேயே இந்தக் குலத்தின் தடங்கள் உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்பதும் இந்தக் குலத்துச் சரக்குதான். அது பூவே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைகஸ் சர்சினாலிஸ் என்ற மரத்தின் ஆண் கூம்பு. இந்தக் குலத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே சொல்லப்போகும் வரலாறு முழுவதும் அதைச் சுற்றியே போகிறது.

வுட் அப்போது அறுபதைக் கடந்தவர். 1827-இல் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டில் பிறந்து, 1852-இல் நட்டாலுக்கு வந்து, 1882 முதல் டர்பன் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்தார். 1849-இல் தொடங்கிய அந்தப் பூங்கா, ஆப்பிரிக்காவில் இன்றும் இயங்கும் தாவரவியல் பூங்காக்களில் மிகப் பழையது. அன்று அதன் வேலை அழியும் செடியைக் காப்பது அல்ல. குடியேற்ற நாட்டில் எந்தப் பயிர் விளையும், எது பணம் தரும் என்று சோதித்துச் சொல்வதே அதன் வேலை. உபா என்ற கரும்பு வகையை நட்டாலில் நிலைநிறுத்தியவர் என்று வுட்டைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கரும்புத் தோட்டங்களில் வெட்டியவர்களும் சுமந்தவர்களும் யார் என்பது நமக்குத் தெரியும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல் 1911 வரை, ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தவர்கள். வுட் அந்தச் சரிவில் ஏறிய அதே 1895-இல்தான், ஒப்பந்தம் முடிந்த இந்தியர் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி என்று நட்டாலில் சட்டம் வந்தது. செடியின் கதையில் இது எதற்கு என்று கேட்கலாம். பூங்கா, கரும்பு, கப்பல், கூலி எல்லாம் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள். லாபத்துக்காக வைத்த ஒரு நிறுவனத்தில், யாருக்கும் காசு தராத ஒரு செடியின்மேல் ஒருவருக்கு அக்கறை பிறந்தது என்பதை அந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்து நடந்தது இடப்பெயர்ச்சி. 1899-இல் அந்தத் தூறின் ஒரு துண்டு லண்டனுக்கு வெளியே உள்ள கியூ பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. 1903-இல் வுட்டின் உதவியாளர் ஜேம்ஸ் வைலி அதே சரிவுக்குப் போய்ச் சில கன்றுகளை எடுத்து வந்து டர்பனில் நட்டார். 1907-இல் மறுபடி போனவர், பெரிய தண்டுகளில் இரண்டைப் பெயர்த்தே கொண்டுவந்துவிட்டார். அவை இரண்டும் டர்பன் பூங்காவில் இன்றும் நிற்கின்றன. 1908-இல் சாண்டர் என்ற செடி வணிகர் அதற்கு என்செபலார்டோஸ் வுட்டியை என்று பெயர் சூட்டினார். அதாவது உலகம் இதைத் தனி இனம் என்று ஏற்பதற்கு முன்பே, அதன் பாதி உடல் மலையை விட்டு இறங்கிவிட்டது.

1912-இல் மலையில் மிஞ்சியிருந்தது ஒரே தண்டு. மூன்று மீட்டர் உயரம். அடிப்பகுதி வெட்டுப்பட்டுச் சேதமாகியிருந்தது. ஜூலு நாட்டு வைத்தியத்தில் சைகேடு தண்டின் பட்டைக்கு இடம் உண்டு; டர்பன் மூலிகைச் சந்தைகளில் அது நெடுங்காலமாக விலைபோகும் சரக்கு. 1916-இல் வனத்துறை அந்தக் கடைசித் தண்டையும் பெயர்த்து, பிரிட்டோரியாவில் இருந்த அரசுத் தாவரவியலாளருக்கு அனுப்பியது. அங்கே அது 1964 வரை உயிரோடிருந்து பட்டுப்போனது. ஒங்கோயேயிலோ வேறு காடுகளிலோ அந்த இனத்தின் இன்னொரு மரத்தை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. ‘காட்டில் அற்றுப்போனது’ என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அதற்கு முத்திரை விழுந்தது.

வைலி செய்தது சரியா? நான் அவர் பக்கம்தான். கன்றுகளை அவர் எடுக்காமல் விட்டிருந்தால் பட்டை வெட்டும் கத்திக்கு அவையும் தப்பியிருக்காது. ஆனால் 1916-இன் முடிவை என்னால் அப்படி ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்குள் டர்பனிலும் கியூவிலும் அதே உடலின் துண்டுகள் வேர்பிடித்து வளர்ந்துகொண்டிருந்தன. கடைசித் தண்டுக்கு ஒரு வேலியும் ஒரு காவல்காரரும் போதுமாயிருந்திருக்கும். சேதமான ஒரு முதிய தண்டை 500 கிலோமீட்டருக்கும் அப்பால், உள்நாட்டு மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனதால் இனத்துக்குக் கிடைத்தது எதுவுமில்லை. போனதோ பெரிது. அந்தச் சரிவில் அதுவரை யுகங்களாக விடாமல் நின்றுவந்த வரிசை அன்று அறுந்தது.

அடிக்கன்றால் பெருகுவது சைகேடுக்கு இயல்பு. நம் வாழையைப்போலத்தான்: தாய் அடியில் கன்று, கன்றைப் பிரித்து நட்டால் அது தாயின் மறுபதிப்பு. டர்பனிலிருந்து புறப்பட்ட கன்றுகள் ஊர் ஊராகப் போயின. அயர்லாந்தின் கிளாஸ்நெவின் பூங்காவுக்கு 1905-இல் ஒன்று போனது. அமெரிக்காவின் லாங்வுட் தோட்டத்துக்கு 1969-இல் ஒன்று. இன்று கண்டம் கண்டமாக அவை நிற்கின்றன. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எல்லாம் ஒரே தூறிலிருந்து வந்தவை, மரபணுவில் ஒரே செடி. அந்த ஒரு செடியும் ஆண். பெண் மரம் ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை.

கியூவுக்கு வந்த செடி பனையகம் என்ற கண்ணாடி மாளிகையில் தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் இருந்தது. அதே மாளிகையில் இதன் மூத்த உறவு ஒன்று உண்டு. செடி சேகரிப்பாளர் பிரான்சிஸ் மாசன் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1775-இல் கியூவில் சேர்த்த என்செபலார்டோஸ் ஆல்டென்ஸ்டெய்னியை. உலகத்திலேயே மிக வயதான தொட்டிச் செடி என்று அதைச் சொல்வார்கள். அது கியூவில் ஒரே ஒரு முறை, 1819-இல் கூம்பு விட்டது. அதைப் பார்க்கத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் நேரில் வந்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். வுட்டின் செடியும் அதே பொறுமைக்காரக் குடும்பம். 1997-இல் அதைப் பனையகத்தின் புழுக்கத்திலிருந்து மாற்றி, குளிர்ச்சியான மிதவெப்ப இல்லத்தில் வைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2004-இல், கியூவுக்கு வந்த நூற்றைந்தாவது ஆண்டில், முதல் கூம்பை விட்டது. ஆரஞ்சு கலந்த பொன் மஞ்சள் நிறம், உருளை வடிவம். இத்தனை ஆண்டும் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நீர் வார்த்து, பூச்சி பார்த்து, தொட்டி மாற்றி அதைக் காத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதன் கூம்பைப் பார்க்காமலே ஓய்வுபெற்றுப் போனவர்கள். தாவரவியல் நிறுவனங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த உழைப்பை அதிகம் சொல்வதில்லை. அறிக்கையில் எழுத அதில் ஒன்றும் இருக்காது, ஆனால் இது இல்லாமல் மற்றது எதுவும் இல்லை.

கூம்பு வந்தால் போதுமா? காட்டில் நடப்பதைப் பார்த்தால் குறை எங்கே என்று புரியும். மகரந்தம் முதிரும் நாள்களில் ஆண் கூம்பு தானாகவே சூடேறும். சுற்றுக் காற்றைவிடப் பல பாகை கூடுதலாக. அந்தச் சூட்டில் வாசனை எழும்பும். கூன்வண்டுகள் அதைத் தேடி வரும். கூம்பிலேயே உண்டு, அங்கேயே முட்டையிட்டு, உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு கிளம்பும். பெண் கூம்பும் அந்த நேரத்தில் செதில்களுக்கிடையே இடைவெளி விட்டிருக்கும். உள்ளே போன மகரந்தத்திலிருந்து குழல் வளர்ந்து, அதிலிருந்து விந்தணு வெளிப்பட்டு, துளி நீரில் சுழன்று நீந்திக் கருமுட்டையை அடையும். விதைத் தாவரங்களில் நீந்தும் விந்தணு உள்ளவை சைகேடுகளும் கிங்கோவும் மட்டுமே. சைகஸில் இதை ஜப்பானியத் தாவரவியலாளர் செய்ச்சிரோ இக்கேனோ கண்டறிந்தது 1896-இல், வுட் தன் செடியைக் கண்ட மறு ஆண்டில். சில சைகேடுகளில் அந்த விந்தணு வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது. இவ்வளவு ஏற்பாடும் வுட்டின் செடிக்குள் பழுதில்லாமல் இருக்கிறது. போய்ச் சேர இடம்தான் இல்லை.

விதையே கிடையாது என்பதால் விதை வங்கி என்ற வழியும் அடைபட்டுவிட்டது. கியூ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் சசெக்ஸில் தொடங்கிய மில்லேனியம் விதை வங்கியில், விதைகளை நன்றாக உலர்த்தி மைனஸ் 20 பாகையில் வைக்கிறார்கள். பல்லாயிரம் இனங்களுக்கு அது பொருந்தும். சைகேடு விதையோ பெரும்பாலும் உலர்த்தினால் செத்துவிடும். விதை கிடைக்கும் இனங்களுக்கே இந்தக் கதி. ஆக, சைகேடைக் காப்பது என்றால் உயிருள்ள மரத்தை மண்ணிலோ தொட்டியிலோ வைத்துக் காப்பதுதான். மரமாக வைத்துக் காத்தால் திருடனும் வருவான். என்செபலார்டோஸ் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்பில் இருக்கிறது. இருந்தும் அரிய மரத்தைத் தன் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளத் துடிக்கும் பணக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் பூங்கா 1913-இல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஹரால்ட் பியர்சன் சைகேடு ஆய்வாளர். பூங்காவின் முதல் நடவுகளில் ஒன்று அவருடைய சைகேடு தொகுப்பு. அங்கேயே 2014-இல் இருபதுக்கும் மேற்பட்ட அரிய சைகேடுகளை இரவில் தோண்டிக்கொண்டு போனார்கள். அங்குள்ள வுட்டின் செடி இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. கன்றுகளைக் களவாடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

பெண் இல்லாத ஆணுக்கு வழி என்ன? தோட்ட வல்லுநர்கள் ஒரு வழியைக் கையாண்டு பார்த்தார்கள். இதற்கு மிக நெருங்கிய உறவு நட்டால் சைகேடு, என்செபலார்டோஸ் நட்டாலென்சிஸ். அதன் பெண் கூம்பில் வுட்டின் மகரந்தத்தைத் தூவினார்கள். விதை பிடித்தது; முளைத்த பிள்ளைகள் இனப்பெருக்கத் திறனோடு வளர்ந்தன. அந்தப் பிள்ளைகளில் பெண்ணைத் தேர்ந்து மறுபடியும் வுட்டின் மகரந்தத்தோடு சேர்த்தால், வுட்டின் பங்கு பாதியிலிருந்து முக்காலாகும். இன்னொரு தலைமுறையில் 87.5 விழுக்காடு, அதற்கடுத்து 93.75. தாளில் எழுத எளிது. ஒரு தலைமுறை கூம்பு விடவே பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும் மரத்தில் இது ஒருவரின் ஆயுளுக்குள் அடங்கும் வேலையல்ல. இன்னொன்றும் உண்டு. எத்தனை தலைமுறை கடந்தாலும் பசுங்கணிகத்தின் மரபுப்பொருள் தாய்வழியாக நட்டால் சைகேடிலிருந்தே வரும். கிடைக்கும் பெண் மரம் வுட்டின் இனத்தைப்போல இருக்குமே தவிர, அந்த இனத்தின் பெண்ணாகிவிடாது. இருந்தாலும் இந்த முயற்சி வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மரபணுத் தொகுதியில் கிடக்கும் செடிக்கு ஒரு நோய் வந்தால் டர்பன், கியூ, லாங்வுட் என்று எல்லா இடத்திலும் ஒரே கதிதான். கலப்புப் பிள்ளைகளில் அந்த மரபின் பெரும்பகுதி வேறு கூட்டணியில் பிழைத்திருக்கும்.

இந்த நிலைக்கு வருவதற்கு முன்பே செய்யவேண்டியதைத்தான் இன்றைய தாவரவியல் ஆய்வு நிறுவனங்கள் கற்றுக்கொண்டு செய்கின்றன. புளோரிடாவின் மாண்ட்கமரி தாவரவியல் மையம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1959-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முழுக் கவனமும் பனைகளும் சைகேடுகளும். பெலிஸ் நாட்டின் சுண்ணாம்புக்கல் பள்ளங்களில் வளரும் சாமியா டெகும்பென்ஸ் என்ற சைகேடை எடுத்துக்கொண்டு, காட்டிலிருக்கும் மரங்களின் மரபணு வேறுபாட்டையும் தோட்டத்தில் விதையிலிருந்து வளர்த்த மரங்களின் வேறுபாட்டையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோட்டத்தில் மரம் கூடக் கூட வேறுபாடும் கூடுகிறது, ஆனால் போகப்போக அந்தக் கூடுதல் குறைந்துகொண்டே வருகிறது. எந்தத் தாயின் விதை எது என்று பிரித்துக் குறித்து, பல தாய்களிடமிருந்து, பல இடங்களிலிருந்து, பல ஆண்டுகளில் சேகரித்தால்தான் ஓர் இனத்தின் பெரும்பகுதியைத் தோட்டத்துக்குள் கொண்டுவர முடியும். வுட்டும் வைலியும் குறைவைத்தது அக்கறையில் இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோதே தாய்கள் இல்லை.

நம் பக்கத்து மலைகளில் இந்தக் கணக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. சைகஸ் சர்சினாலிஸ் செம்பட்டியலில் அருகிவரும் இனம். அதன் ஆண் கூம்பு மருந்துக் கடைக்குப் போகிறது, விதை உணவுக்குப் போகிறது, ஓலை அலங்காரத்துக்குப் போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய தேவை. ஆண் கூம்பை முதிரும் முன் வெட்டினால் அந்த ஆண்டு சுற்றியுள்ள பெண் மரங்களுக்கு மகரந்தம் இல்லை. விதையையும் பொறுக்கிவிட்டால் கீழே நாற்று இல்லை. பெரிய மரங்கள் நின்றுகொண்டே இருக்கும். காடு செழிப்பாகத்தான் தெரியும். அடுத்த தலைமுறை வரவில்லை என்பதைத் தரையில் நாற்றுகளை எண்ணிப் பார்க்கிறவர்தான் அறிவார். அந்த எண்ணும் வேலையைச் செய்யும் நம் தாவரவியல் ஆய்வாளர்களுக்கு ஆளும் பணமும் இன்று கொடுப்பது மலிவு. ஒரே மரமான பிறகு கொடுப்பதற்கு அளவே இருக்காது.

ஒங்கோயேயில் தேடலை யாரும் கைவிடவில்லை. 2022 முதல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா சின்ட்டியின் குழு அந்தக் காட்டின்மேல் ட்ரோன் பறக்கவிட்டு ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவுக்கு அந்தச் செடியின் மேற்பார்வை வடிவத்தைக் கற்றுக்கொடுத்துத் தேடிவருகிறது. 2024-இல் செய்தி வெளியானபோது காட்டில் அவர்கள் பார்த்து முடித்திருந்தது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. பெண் மரம் எதுவும் தென்படவில்லை. நூற்று முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் நடந்து தேடிய காடுதான் இது. ஆனாலும் அடர்ந்த மேற்கூரையின் கீழ், பாறைச் சரிவில், ஒரு குடை ஓலைக் கொத்து நடப்பவர் கண்ணுக்குத் தப்பியிருக்க இடமுண்டு.

அப்படி ஒன்று கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைத் தோண்டி எங்கும் அனுப்பத் தேவையில்லை. டர்பன் பூங்காவின் மரங்கள் கூம்பு விடுகின்றன. சைகேடு மகரந்தத்தை உலர்த்தி உறைய வைத்து, பெண் கூம்பு திறக்கும் நாள்வரை சேமிக்கும் முறை இன்று தோட்டங்களுக்குக் கைவந்தது. பெண் மரத்துக்கு வேலியும் காவலும் போட்டு, அது நிற்கும் இடத்திலேயே விட்டுவைத்து, கூம்பின் செதில்கள் விலகும் அந்தச் சில நாள்களில் டர்பனிலிருந்து மகரந்தத்தை மேலே கொண்டுபோனால் போதும். சாலை வழியே சில மணி நேரம், அதன் பிறகு நடந்து ஏறவேண்டிய சரிவு.